துரை ஆடிய மூன்று ஆட்டம்

என்னை அமெரிக்காவுக்கு வரவழைத்தது என் மகன் இல்லை, மிஸ்ஸிதான். மகன் சேவியர் நியூஜெர்ஸியில் பிளெய்ன்ஸ்பரோ என்கிற ஊரில் இருக்கிறான். இரண்டாயிரம் வருஷம் பிறந்ததும் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிப்போகுமாம், அதைச் சரிசெய்கிற வேலை அவனுக்கு. அவன் கூப்பிட்டபோதெல்லாம் குளிர் ஆகாது, முட்டி வலி என்று தட்டிக் கழித்தேன். மிஸ்ஸி கூப்பிட்டதும் மறுக்க வாய் வரவில்லை.

மிஸ்ஸி எங்கள் வால்பாறை எஸ்டேட்டில் பெரிய துரையாக இருந்தவரின் ஒரே மகள். அவள் பிறந்தபோது எனக்குப் பதினாலு வயசு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என்னைப் பங்களாவுக்குக் கூட்டிப்போய் அவளைக் கையில் கொடுத்தார்கள். பத்து வயசு வரைக்கும் என் இடுப்பிலும் முதுகிலும்தான் வளர்ந்தாள். அப்புறம் துரைசானி துரையோடு மனஸ்தாபப்பட்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார். துரை போகவில்லை. எஸ்டேட்டிலேயே கிழவனாகி, அங்கேயே செத்து, அங்கேயே அடக்கமானார்.

ஐம்பது வருஷத்துக்கும் மேலான பிறகு, எங்கள் பங்குச் சாமியார் மூலமாக விசாரித்து, மிஸ்ஸி சேவியரைப் போனில் பிடித்தாள். அவளுக்கு வயிற்றில் புற்றுநோய். செத்தபிறகு தன் சாம்பலை அப்பா கல்லறைக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும் என்பது அவள் ஆசை. கல்லறை இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். “வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அம்மா துரைக்கு மெழுகுவர்த்தி ஏத்துறாங்க” என்று சேவியர் சொல்லியிருக்கிறான்.

அது பொய் இல்லை. நவம்பர் மாதம் திருநாளுக்கு நான் துரைக்கு மெழுகுவர்த்தி ஏற்றத்தான் செய்கிறேன். ஆனால் ஏற்றுவது அணையின் கரையில். அணை கட்டினபோது பழைய பங்களா, கூலிக்காரர்கள் இருந்த லைன் வீடுகள், கல்லறைத் தோட்டம் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. அங்கே புதைத்தவர்களின் சொந்தக்காரர்கள் எல்லோரும் கரையில் வரிசையாக நின்று ஏற்றிவிட்டு வருவோம். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்டால் “கல்லறைக்கு” என்போம். எங்களுக்குள் அது விளங்கும். மிஸ்ஸிக்கு எப்படி விளங்கும்?

பிளெய்ன்ஸ்பரோவில் இறங்கிய முதல் நாளே சேவியரைக் கேட்டேன். “தண்ணிக்குள்ள இருக்குன்னு சொன்னியாடா?”

“போன்ல எப்படிம்மா சொல்றது? அந்த லேடி அழுதுட்டே பேசினாங்க. அப்புறம் சொல்லலாம்னு விட்டுட்டேன்.”

“அப்புறம்னா எப்ப?”

“நீ நேர்ல பார்க்கும்போது பக்குவமா சொல்லு. இல்லன்னா சொல்லாமலே விட்டுடு. சாகப்போறவங்கம்மா.”

வந்து இறங்கின விமான நிலையத்தில் நாய் ஒன்று என் பெட்டியை முகர்ந்துவிட்டு நகர மறுத்துவிட்டது. மிஸ்ஸிக்காக நெத்திலிக் கருவாடு கொண்டுபோயிருந்தேன். பங்களாவில் துரைசானிக்குத் தெரியாமல் சமையற்கட்டுக்கு ஓடிவந்து அவள் தின்றது அது. அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டார். நார்த்தங்காய் ஊறுகாயை மட்டும் திருப்பிக் கொடுத்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சேவியர் இருக்கிற கட்டடங்கள் எல்லாம் ஒரே அச்சு. எங்கள் லைன் வீடுகளாவது வாசலில் கட்டின கோழியை வைத்து இன்னார் வீடு என்று சொல்லிவிடலாம். இங்கே ஒருநாள் குப்பை போடப் போய்விட்டு வேறொரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். திறந்தது ஒரு தமிழ்ப் பெண். “வாங்க ஆன்ட்டி, இங்க எல்லாருக்கும் ஒருதடவை நடக்கும்” என்று காபி கொடுத்து வீட்டில் கொண்டுவந்து விட்டாள். அவள் மகன் என்னை ஏற இறங்கப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டான். “ஆன்ட்டி ஏன் செருப்புப் போடலன்னு கேக்கறான்” என்றாள். வெளியே பனி பெய்துகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

மிஸ்ஸி இருப்பது அந்த நாட்டின் மறுகோடியில். சேவியர் லீவு போட்டுக் கூட்டிப்போனான். நடுவில் டெக்ஸாஸில் இறங்கி வேறு விமானம் ஏறவேண்டும். அந்த விமானத்துக்கு ஏதோ கோளாறு. பாதி நாள் நாற்காலியிலேயே கிடந்தோம். சேவியர் வாங்கி வந்த ரொட்டிக்குள் இருந்த இறைச்சி உப்பு உறைப்பு இல்லாமல் சக்கையாக இருந்தது. ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளலாமா என்று கை போயிற்று. மிஸ்ஸிக்கு உள்ளது என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, என்னைவிடக் கொஞ்சம் இளையவர். எங்கே போகிறோம் என்று கேட்டார். சீக்காளியைப் பார்க்க என்று சேவியர் சொன்னதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை கூட்டத்தில், கண்ணை மூடிச் சத்தமாக ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முடித்துவிட்டு, “எங்களுக்காக நீங்களும் ஜெபியுங்கள், எங்கள் பக்கம் மழையே இல்லை” என்றார். சேவியர்தான் எனக்குத் தமிழில் சொன்னான். மாடு குடிக்கிற குளம் வற்றி, அவர் மாமனார் காலத்தில் உள்ளே விழுந்த ஒரு பழைய லாரி வெளியே தெரிகிறதாம். கோயிலில் ஞாயிறு தவறாமல் மழைக்கு மன்றாடுகிறார்களாம். நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு அக்கரையில், மலைச்சரிவில் மிஸ்ஸியின் வீடு. மூடுபனி, ஈர மரம், வளைந்து ஏறுகிற ரோடு. ஒரு நிமிஷம் வால்பாறைக்கே வந்துவிட்டேனோ என்றிருந்தது. கதவைத் திறந்த கிழவியைப் பார்த்ததும் அந்த நினைப்பு அறுந்துபோயிற்று. தலையில் முடி இல்லை. மஞ்சள் பூத்த முகம். கண் மட்டும் துரையின் கண்.

“ஏ ஆயா!” என்றாள். “நீ கெழவி ஆயிட்ட!”

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் என்னிடம் விட்டுப்போன தமிழ் அப்படியே இருந்தது. பத்து வயசுப் பிள்ளையின் லைன் தமிழ். சேவியர் திகைத்துப்போய் நின்றான்.

“உள்ள போங்க மிஸ்ஸி, காத்துல நிக்காதீங்க” என்றேன்.

“என்ன வாங்க போங்க? அடி குடுப்பேன்! குளிப்பாட்டும்போது காதத் திருகுனல்ல, அப்ப இந்த மரியாதை எங்க போச்சு?”

சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் வலியாக மாறி, சுவரைப் பிடித்துக்கொண்டாள். தோளைத் தொட்டேன். வெறும் எலும்பு.

அன்றைக்கு மிளகு ரசம் வைத்துக் குழையச் சோறு வடித்தேன். ஊறுகாயைத் திறந்து வைத்தேன். அவள் சாப்பிடவில்லை. ஊறுகாய் ஜாடியை மூக்குக்கு நேரே வைத்து ரொம்ப நேரம் மோந்துகொண்டிருந்தாள். “கருவாடு எங்க?” என்றாள். நாய் கதையைச் சொன்னேன். “அந்த நாய்க்கு நல்ல மூக்கு” என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு போட்டோவைக் காட்டினாள். பதினைந்து வெள்ளைக்காரப் பையன்கள், மார்பில் முள்ளுப்பூ போட்ட கறுத்த நீலச் சட்டை. பின்வரிசை ஓரத்தில் துரை. ஆட்டத்தில் முட்டி மோதிக் காது இன்னும் நசுங்கவில்லை. நான் பார்த்த துரைக்கு இரண்டு காதும் வெந்த காளான் மாதிரி சுருண்டிருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் நீல வெல்வெட்டுத் தொப்பி ஒன்று, வெள்ளிக் குஞ்சம் வைத்தது. நாட்டுக்காக ஆடினவருக்குத்தான் அந்தத் தொப்பியாம். துரை ரக்பி ஆடினவர் என்று எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். முள்ளுப்பூவைச் சின்னமாக வைத்திருக்கிற ஸ்காட்லாந்து நாட்டுக்கே ஆடினவர் என்பதை மிஸ்ஸி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல சேவியர் தமிழில் சொன்னான்.

மொத்தம் மூன்று ஆட்டம். முதல் ஆட்டம் வேல்ஸ்காரர்களோடு, தோற்றுப்போனார்கள். இரண்டாவது அயர்லாந்தோடு, ஜெயித்தார்கள். மூன்றாவது இங்கிலாந்தோடு. ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் துரைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஆள் மாற்றுவது கிடையாது. அடிபட்டவன் வெளியே போனால் மற்றவர்கள் ஓர் ஆள் குறைவாகத்தான் ஆடவேண்டும். துரை கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றார். அதற்கப்புறம் அவரை யாரும் கூப்பிடவில்லை. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. பிறகு முதல் உலக யுத்தம் வந்தது. அந்தப் போட்டோவில் இருக்கிற பையன்களில் பாதிப் பேர் அதில் போய்விட்டார்களாம். துரை கப்பலேறித் தேயிலைக்கு வந்துவிட்டார்.

“மூணு சாயங்காலம்” என்றாள் மிஸ்ஸி தமிழில். “எங்கப்பாவுக்கு மொத்தமே மூணு சாயங்காலம்தான் ஆயா. மத்ததெல்லாம் தேயில.”

அந்தத் தோள் எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் துரைக்கு அது குடையும். பங்களாவில் பட்லராக இருந்த என் வீட்டுக்காரர் யூக்கலிப்டஸ் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவார். எதனால் வந்த வலி என்று துரை ஒருநாளும் சொன்னதில்லை.

மறுநாள் வெயிலடித்தது. மிஸ்ஸி பிடிவாதமாக எங்களைப் பக்கத்துக் கல்லூரி மைதானத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். அங்கே பையன்கள் ரக்பி ஆடிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சியில் அவளுக்குப் போர்வை சுற்றி உட்காரவைத்தோம். எனக்கு ஆட்டம் ஒன்றும் பிடிபடவில்லை. பந்தை முன்னால் கொண்டுபோகத்தான் இத்தனை பாடு, ஆனால் கையால் எறிவதைப் பின்னால் எறிகிறார்கள். திடீரென்று இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளைக் கோத்துக் குனிந்து, தலையை நுழைத்து, முட்டி மோதித் தள்ளினார்கள். சரிந்து விழுந்தார்கள். நடுவர் விசிலடித்து எழுப்பிவிட்டு மறுபடி கோக்கச் சொன்னார்.

“இது எனக்குத் தெரியும்!” என்றேன். என்னை அறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“என்ன தெரியும்? சொல்லு, சொல்லு” என்று முழங்கையால் இடித்தாள் மிஸ்ஸி.

மண்சரிவில் கொழுந்து லாரி சிக்கிக்கொண்டால் துரை இதைத்தான் செய்வார். எட்டு ஆளைப் பொறுக்கி எடுப்பார். முன்னால் மூன்று பேர், நடுவில் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர். தோளைக் கோக்கவைத்து, தலையைக் குனியவைத்து, தானே பக்கத்தில் சேற்றில் மண்டிபோட்டு “ஒண்ணா! ஒண்ணா!” என்று கத்துவார். தனித்தனியாக முப்பது பேர் தள்ளி நகராத லாரி நகரும். வருஷக்கணக்காக இப்படித் தள்ளித் தள்ளி எங்கள் ஆட்களுக்கு அது பழகிப்போயிற்று. துரை செத்தது ஆடி மாதம். கல்லறை மேட்டுக்கு ஏறுகிற வழி முழங்கால் சேறு. பெட்டியைத் தூக்கிய நாலு பேரும் வழுக்கினார்கள். அப்போது என் வீட்டுக்காரர், “துரை சொன்ன மாதிரி கோத்துக்குங்கடா” என்றார். எட்டுப் பேர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, “ஒண்ணா, ஒண்ணா” என்று மேடேறினார்கள். பெட்டி கொஞ்சம்கூடச் சாயவில்லை.

மிஸ்ஸி வாயைத் திறந்தபடி கேட்டாள். “எட்டுப் பேரா?” என்றாள். “எட்டுப் பேர் மிஸ்ஸி. நான் பார்த்தேன்” என்றேன். அவள் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மைதானத்தில் எந்தப் பக்கம் ஜெயித்தது என்று தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து கனமாக ஒன்றை எடுக்கச் சொன்னாள். பித்தளைத் தகடு. துரை சின்ன வயசில் ஆடிய ஊர்க் கிளப்பில் செய்து அனுப்பியதாம். மேலே முள்ளுப்பூ. அதன் கீழே துரை பெயர், மூன்று ஆட்டங்கள். அதற்கும் கீழே மிஸ்ஸி பெயர், அவள் பிறந்த வருஷம், ஒரு கோடு, பிறகு வெறும் இடம்.

“இது கல்லறைல அடிக்கணும் ஆயா. வருஷத்த மட்டும் நீ அங்க வெட்டச் சொல்லு.”

சேவியர் என்னைச் சமையற்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனான். அவளுக்குத் தமிழ் தெரியும் என்பதால் குசுகுசுத்தான். “அம்மா, இனிமே சொல்லாத. ப்ளீஸ். தகட்ட வாங்கிட்டுப் போவோம். யாரு வந்து பார்க்கப்போறா?”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வாய் பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தானே, இது என்ன பெரிய காரியம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்தேன். காலையில் மிஸ்ஸி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் கஞ்சி கொண்டுபோனேன்.

“ஆயா, அப்பா பக்கத்துல எடம் இருக்கா? வேற யாரும் படுத்திருக்காங்களா?”

“எடம் இருக்கு மிஸ்ஸி” என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிறுத்த முடியவில்லை. “ஆனா அங்க தண்ணி.”

“மழைத் தண்ணியா?”

“அணைத் தண்ணி. அணை கட்டிட்டாங்க. நீ போனதுக்கப்புறம், துரை போனதுக்கப்புறம். பங்களா, கல்லறை, எல்லாம் அடியில இருக்கு.”

“எவ்ளோ தண்ணி?”

ஜன்னலுக்கு வெளியே நெட்டையாக ஒரு மரம் நின்றது. அதைக் காட்டினேன். அவள் மரத்தின் அடியிலிருந்து உச்சிவரை மெதுவாகப் பார்த்தாள்.

“மெழுகுவர்த்தி?”

“கரையில வைப்போம்.”

“கரையில” என்றாள். பிறகு சேவியரைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னாள், சின்ன வாக்கியம்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அது என்னவென்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

“நீ ஏன் ஆயா வந்த?” என்றாள் என்னிடம். “இதச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்த?”

கஞ்சி ஆறிப்போயிற்று. நான் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். ஊருக்குத் திரும்பிப் போய்விடலாம் என்றால் அதற்கும் வழி தெரியாது. கதவுக்கு வெளியே எந்தப் பக்கம் இறங்கவேண்டும் என்றுகூடத் தெரியாது.

பொழுது சாயும்போது கூப்பிட்டாள்.

“அந்தத் தண்ணி வத்துமா?”

ஒரே ஒரு தடவை வற்றியிருக்கிறது. மழை பொய்த்துப்போன ஒரு வருஷம், அணையின் அடிவரை தெரிந்தது. பழைய ரோடு, பங்களாப் படிக்கட்டு, கருகின தேயிலைக் கட்டைகள். நான் சேற்றில் இறங்கிப் போனேன். துரையின் சிலுவை இல்லை. மேடு இருந்தது. கையாலேயே சேற்றை வழித்துச் சுத்தம் செய்தேன். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. இதைச் சொன்னேன்.

“அப்ப வத்தும்போது வையி” என்றாள்.

“எனக்கு எழுபத்தாறு ஆச்சு மிஸ்ஸி. திரும்ப எப்ப வத்துமோ?”

“ஆன்ட்டி, நான் வைக்கிறேன்” என்றான் சேவியர். ஆபீஸில் மேலதிகாரிக்குத் தலையாட்டுகிற மாதிரி ஆட்டினான். எனக்கே நம்பிக்கை வரவில்லை, அவளுக்கா வரும்? அவனுக்கு அமெரிக்காவிலேயே தங்கிவிட கிரீன் கார்டு வரப்போகிறது.

மிஸ்ஸி அவனைப் பார்க்கவே இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த உடம்பில் அவ்வளவு பிடி எங்கேயிருந்து வந்ததோ.

“நீதான் வைக்கணும். ஆள் மாத்தக் கூடாது.”

சரி என்றேன். வேறு என்ன சொல்வேன்?

விடைபெறும்போது அவள் வாசலுக்கு வரவில்லை. ஊறுகாய் ஜாடி அவள் கட்டில் பக்கத்தில் திறந்தபடி இருந்தது. திரும்பும் வழியில் அதே டெக்ஸாஸில் இறங்கினோம். வெளியே கொட்டு கொட்டென்று மழை. அந்தப் பெண்மணியின் குளம் நிறைந்திருக்கும். லாரி மறுபடி உள்ளே போயிருக்கும். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன இது என்று கேட்டார்கள். கல்லறைக்கு என்று சேவியர் சொன்னான். யாருடையது என்று கேட்கவில்லை, வருத்தப்படுகிறோம் என்று மட்டும் சொல்லிப் பெட்டியை மூடிக்கொடுத்தார்கள்.

நான் ஊர் திரும்பிய கொஞ்ச காலத்தில் மிஸ்ஸி போய்விட்டாள். சாம்பலைச் சேவியர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, லீவு இல்லை என்று மறுநாளே கிளம்பினான். சின்ன மரப்பெட்டி, கைக்குழந்தை கனம்கூட இல்லை. என் கம்பளியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பொள்ளாச்சியில் ஓர் ஆளிடம் கொடுத்துத் தகட்டில் வருஷத்தை வெட்டியாயிற்று. அது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

அதற்கப்புறம் ஒரு வருஷமும் மழை தவறவில்லை. மழை தவறினால் கொழுந்து இல்லை, கொழுந்து இல்லாவிட்டால் லைனில் அடுப்பு எரியாது. அது எனக்குத் தெரியாதா? என் தங்கை பிள்ளைகள் எல்லாம் அந்தக் கொழுந்தில்தான் பிழைக்கிறார்கள். இருந்தும் ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் வெளியே வந்து வானத்தைப் பார்க்கிறேன். கறுத்திருந்தால் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடுகிறேன். வெளுத்திருந்தால் பாவம் செய்தவள் மாதிரி உள்ளே வந்துவிடுகிறேன். முட்டி இப்போதெல்லாம் கரைவரைக்கும்கூடப் போகவிடுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, அணை நிரம்பி மதகு திறந்த சந்தோஷத்தில் சாமியார் மழைக்கு நன்றி சொன்னார். வருகிற வருஷமும் இதேபோல் பெய்யவேண்டும் என்று மன்றாடச் சொன்னார். கோயில் முழுக்க ஒரே குரலாக, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை.